ஹெம்ப்புக்கு ஓட்டுன்னா உண்மையில எதுக்கு ஓட்டு? விவாதத்துக்கு உதவி வேணும்

திண்ணைவாசி:

வணக்கம் மக்களே. நாங்க ஒரு பத்து பேர் வாரா வாரம் ஆன்லைன்ல உக்காந்து விவாதம் பண்ணுவோம், இந்த வாரத் தலைப்பு "இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்பை அனுமதிக்கலாமா வேணாமாங்கறதை மக்கள் ஓட்டுக்கு விடணும்". சீட்டு குலுக்கிப் போட்டதுல "விடணும்"ங்கற பக்கம் எனக்கு விழுந்துருச்சு. ஈஸியா இருக்கும்னுதான் நெனச்சேன், மக்கள் கையில முடிவைக் குடுக்கறதை யாரு வேணாம்னு சொல்லப்போறாங்க.

ஆனா தலைப்பை குரூப்ல போட்டதுமே குழப்பம். மொதல்ல "தொழிற்சணல்"னு தமிழ்ப்படுத்திப் போட்டு ஒரு போல் (ஓட்டெடுப்பு) வெச்சேன், சாக்குப்பை தைக்கிற சணலுக்கு எதுக்குய்யா ஓட்டு, தாராளமா பயிர் பண்ணுங்கன்னு எல்லாரும் ஆமான்னு குத்திட்டாங்க. அப்பறம் ஒருத்தர் இது சணல் இல்லன்னு சண்டைக்கு வந்தாரு, சரின்னு அதை அழிச்சுட்டு "போதை தராத கஞ்சாச் செடி வகை"ன்னு மாத்திப் போட்டேன், அதே ஆளுங்கள்ல ஏழு பேர் வேணாம்னு குத்திட்டாங்க. செடி அதேதான், பேரை மட்டும்தான் மாத்தினேன்.

தேடிப் பாத்ததுல நிஜமாவே இதுக்குன்னு தனியா ஓட்டு நடந்த இடம் ஒண்ணு கெடச்சுது. அமெரிக்காவுல சவுத் டகோட்டா மாநிலம், 2002 நவம்பர். விவசாய மாநிலம், விவசாயப் பயிர், அப்படியும் சுமார் 62% பேர் வேணாம்னு போட்டுருக்காங்க. இது ஏன்? போதையே இல்லாத செடிக்கு இவ்ளோ பயமா, இல்ல வேற ஏதாவது கணக்கா? அப்பறம் ஒருவேளை அன்னிக்கு ஜெயிச்சிருந்தா மறுநாளே விதைச்சிருக்க முடியுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்.

வரப்போரம்:

தம்பி, உன் போல் ரிசல்ட்டைப் பாத்து சிரிப்பு வந்துச்சு, ஆனா தப்பு உன் மேல மட்டும் இல்ல. தமிழ்ல சணல்னா பெரும்பாலும் ஜூட், சணப்பைன்னா பசுந்தாள் உரத்துக்கு விதைச்சு பூ எடுக்கறப்ப மடக்கி உழுவாங்களே அந்த மஞ்சப்பூச் செடி, புளிச்சைன்னா அது வேற. இது மூணுக்கும் ஹெம்ப்புக்கும் சொந்தமே கெடையாது. இங்கிலீஷ்லயும் இதே கூத்துதான், மணிலா ஹெம்ப்புன்னு ஒண்ணு இருக்கு, அது வாழைக் குடும்பம். நல்ல நார் குடுக்கற எதையும் பழைய ஆளுங்க ஹெம்ப்புன்னுட்டாங்க. நீ பேசற ஹெம்ப் மட்டும் கஞ்சாச் செடியேதான், கன்னாபிஸ் சட்டைவா, ரெண்டும் ஒரே இனம். தங்கச்சி செடி, ஒண்ணுவிட்ட செடின்னு சிலர் எழுதறாங்க, அப்படியெல்லாம் இல்ல.

அப்ப ரெண்டையும் எதை வெச்சுப் பிரிக்கறாங்க? ஒரு நம்பரை வெச்சு. காய்ஞ்ச எடையில டிஎச்சி, அதாவது போதை தர்ற பொருள், 0.3%க்கு மேல போகக்கூடாது, அதுக்குள்ள இருந்தா ஹெம்ப், தாண்டினா கஞ்சா. இந்த 0.3 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உனக்கு விவாதத்துக்கு நல்ல சரக்கு. 1976-ல எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட்னு ரெண்டு தாவரவியல்காரங்க இந்த இனத்தை எப்படி வகை பிரிக்கலாம்னு ஒரு கட்டுரை எழுதினாங்க, அதுல ஒரு கோடு போட வேண்டியிருந்துச்சு, இந்த இடத்துல போடறோம், இது நாங்களா வெச்சுக்கிட்டதுதான்னு அவங்களே சொல்லித்தான் போட்டாங்க. செடிக்குப் பேர் வைக்கப் போட்ட கோடு, பின்னாடி ஜெயிலுக்கும் வெளியவும் நடுவுல போட்ட கோடா ஆயிருச்சு. சுவிட்சர்லாந்துல 1% வரைக்கும் விடறாங்க. ஐரோப்பிய யூனியன்ல 0.2-ன்னு வெச்சிருந்து 2023-லேர்ந்து 0.3 ஆக்கினாங்க. இன்னிக்கு போதைக்குன்னே வளக்கறதுல 15, 20 சதவீதம்னு சாதாரணமா இருக்கு, அதனால 0.3-ஓ 1-ஓ புகைச்சா தலைவலிதான் மிச்சம்.

ஆனா விவசாயிக்கு இந்த 0.3 எமன். எப்படின்னு சொல்றேன். செடியில டிஎச்சி அப்படியே இருக்காது, பெரும்பாலும் டிஎச்சிஏங்கற ஆசிட் வடிவத்துல இருக்கும், சூடு பட்டாதான் மாறும். அதனால லேப்ல அந்த ஆசிட்டை 0.877-ஆல பெருக்கி, ஏற்கனவே இருக்கற டிஎச்சியோட கூட்டி மொத்தம் பாப்பாங்க. டிஎச்சி 0.05, ஆசிட் 0.33-ன்னு வெச்சுக்க, பெருக்கிக் கூட்டினா 0.34 வந்துரும். லேப் கருவியோட பிழை அளவைக் கழிச்சும் உள்ள வரலேன்னா அந்த வயல்ல இருக்கறது ஹெம்ப் இல்ல, விக்க முடியாது. அமெரிக்க விதிப்படி அழிக்கணும், இல்ல சரிசெஞ்சு மறுபடி டெஸ்ட் குடுக்கணும். பூ முத்த முத்த டிஎச்சி ஏறும், அதனாலதான் சாம்பிள் எடுத்த 30 நாளுக்குள்ள அறுவடைய முடிக்கணும்னு 2021 விதியில வெச்சாங்க, அதுக்கு முன்னாடி 15 நாள்தான் குடுத்திருந்தாங்க. அந்த 15 நாள்ல மழை புடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?

கருப்புக்கோட்டு:

சட்டப் பக்கம் நான் சொல்றேன், ஏன்னா கேள்வியில அந்தப் பகுதிதான் முக்கியம், செடியைப் பத்தி மேல நல்லா சொல்லிட்டாங்க.

மக்களே மனு போட்டு ஒரு சட்டத்தை ஓட்டுக்குக் கொண்டு வரலாம்ங்கற முறைய அமெரிக்காவுல மொதல்ல கொண்டு வந்ததே சவுத் டகோட்டாதான், 1898-ல. அதனால ஓட்டு போடறது அங்க ஜனங்களுக்குப் புதுசு இல்ல. 2002-ல வந்தது இனிஷியேட்டட் மெஷர் 1. டிஎச்சி 1% வரைக்கும் இருக்கற ஹெம்ப்பை விதைக்கலாம், அறுக்கலாம், வெச்சுக்கலாம், விக்கலாம் வாங்கலாம், இதான் விஷயம். கவனிங்க, 0.3 இல்ல, 1. ஆனா அதோட விளக்கத்துலயே ஒரு வரி இருந்துச்சு, மாநிலச் சட்டப்படி இது அனுமதி, மத்திய சட்டப்படி இல்லன்னு. ஓட்டுச் சாவடியில நின்னு படிக்கற விவசாயி என்ன நெனப்பாரு? நான் ஆமான்னு குத்தினாலும் டிஇஏ (மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறை) வந்து என் நெலத்தை மொய்க்கும், அப்ப இந்த ஓட்டு எதுக்குன்னு தானே. இதோட ஹெம்ப்புன்ன வார்த்தைக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள கன்னாபிஸ்னும் போட்டிருந்தாங்க, அதாவது திண்ணைவாசி வெச்ச ரெண்டாவது போல்தான் அங்க நடந்துச்சு. இந்த ரெண்டும் சேந்துதான் கவுத்துச்சுன்னு எனக்குத் தோணுது.

அந்த பயமும் வெட்டி பயம் இல்ல. பக்கத்து மாநிலம் நார்த் டகோட்டா 1999-லயே ஹெம்ப்பை அனுமதிச்சு சட்டம் போட்டுருச்சு, 2007-ல விவசாயிங்களுக்கு மாநில லைசென்ஸே குடுத்துச்சு. மத்திய லைசென்ஸ் வரல. கோர்ட்டுக்குப் போனாங்க, தோத்தாங்க. எல்லைக்கு அந்தப்பக்கம் கனடாவுல 1998-லேர்ந்து ஜாம் ஜாம்னு விதைச்சுக்கிட்டு இருக்கான், இவங்க வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு வேடிக்கை பாக்கறாங்க. ஆக உன் கடைசிக் கேள்விக்கு பதில்: மறுநாள் விதைச்சிருக்க முடியாது. 2014 பண்ணைச் சட்டத்துல ஆராய்ச்சிக்குன்னு கொஞ்சம் கதவைத் திறந்து, 2018 டிசம்பர்லதான் ஹெம்ப்பை போதைப்பொருள் பட்டியல்லேர்ந்தே எடுத்தாங்க. அதை முடிவு பண்ணது எந்த மக்கள் ஓட்டும் இல்ல, நாடாளுமன்றம்.

இதுக்கு மேலதான் கதையே. சவுத் டகோட்டாவுல 2019-ல சட்டசபை ஹெம்ப் மசோதாவை நிறைவேத்துச்சு, கவர்னர் வீட்டோ பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம், 2020 மார்ச்சுல, அதே கவர்னர் ஹெம்ப்புக்கு கையெழுத்துப் போட்டாங்க. அதே 2020 நவம்பர்ல மறுபடி ஒரு ஓட்டு, அரசியல் சட்டத் திருத்தம் ஏ. அதுல பெரியவங்க பயன்பாட்டுக்கு கஞ்சா, மருத்துவக் கஞ்சா, ஹெம்ப் மூணையும் ஒரே பொட்டலமா கட்டி வெச்சிருந்தாங்க. ஜெயிச்சுது, சுமார் 54%. ஆனா 2021 நவம்பர்ல மாநில உச்சநீதிமன்றம் அடிச்சுருச்சு. காரணம் கஞ்சா கெட்டதுங்கறது இல்ல. ஒரு திருத்தத்துல ஒரு விஷயம்தான் இருக்கணும்னு அவங்க அரசியல் சட்டம் சொல்லுது, ஹெம்ப்பும் கஞ்சாவும் தனித்தனி விஷயம், சேத்து வெச்சது செல்லாதுன்னுட்டாங்க. 2002-ல ஹெம்ப்பு தனியா வந்து தோத்துச்சு, 2020-ல கஞ்சாவோட சேந்து வந்து ஜெயிச்சு, சேந்து வந்ததுக்காகவே செத்துச்சு. ரெண்டும் வேற வேறன்னு ஹெம்ப்காரங்க எத்தனை வருஷமா கத்தினாங்க, கடைசியில கோர்ட்டு அதை ஒத்துக்கிட்டது இப்படித்தான்.

நேரடிக்கேள்வி:

எல்லாம் சரி சார், பின்வாசல் கதைய யாருமே பேசலியே. 0.3% டெல்டா-9ன்னு (டிஎச்சியோட வழக்கமான வகை) மட்டும் 2018 சட்டத்துல எழுதினாங்க, உடனே நம்ம கெமிஸ்ட்ரி மூளைங்க ஹெம்ப்லேர்ந்து சிபிடியை (அதுல இருக்கற, போதை தராத இன்னொரு பொருள்) பிரிச்சு, அதை ஆசிட் போட்டு டெல்டா-8 டிஎச்சியா மாத்தி, மிட்டாயில போட்டு வித்தாங்களா இல்லியா? சட்டத்துல டெல்டா-9 தானே இருக்கு, இது 8 ஆச்சேன்னு. பெட்ரோல் பங்க்ல சிகரெட்டுக்குப் பக்கத்துல வெச்சு வித்தாங்க. கயிறு திரிக்கவும் துணி நெய்யவும்னு சொல்லி வாங்கின அனுமதி இது! கடைசியில 2025 நவம்பர்ல மத்திய அரசே வரையறைய மாத்தி, மொத்த டிஎச்சி கணக்கு, ஒரு பாக்கெட்டுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு கொண்டு வந்தாங்க, ஒரு வருஷம் டைம் குடுத்து. அப்ப 2002-ல வேணாம்னு போட்ட 62% முட்டாளா? எனக்கு அப்படித் தோணல.

அப்பறம் ஹெம்ப் வயலுக்கு நடுவுல கஞ்சாவை ஒளிச்சு வெச்சா யாருக்குத் தெரியும்னு போலீஸ்காரங்க கேக்கறாங்க, அதுக்கும் பதில் சொல்லுங்க.

வரப்போரம்:

நேரடி சார், மிட்டாய் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு, நான் மறுக்கல. ஓட்டை சட்டத்துல இருந்துச்சு, புகுந்துட்டாங்க.

வயல்ல ஒளிக்கறது மட்டும் ஒத்துக்க மாட்டேன். நாருக்கு விதைக்கறப்ப மூச்சு விட எடமில்லாம நெருக்கி விதைப்பாங்க, அப்பதான் கிளை விடாம ஒல்லியா பத்து பன்னெண்டு அடி மேல போகும். கஞ்சாவுக்கு அப்படியே உல்டா, குட்டையா புதரா கிளை விடணும், சுத்தி நடக்க எடம் வேணும். மேலேர்ந்து பாத்தா நெல்லு வயல்ல முருங்கை மரம் நிக்கற மாதிரி தெரியும். அதைவிட முக்கியம் மகரந்தம். போதைச் சரக்கு வர்றது விதை பிடிக்காத பொண்ணு பூவுலேர்ந்து. ஹெம்ப்ல ஆண் செடி கொத்துக் கொத்தா நிக்கும், காத்துல மகரந்தம் கிலோமீட்டர் கணக்குல பறக்கும், பட்டுச்சுன்னா கஞ்சாப் பூ விதை கட்டிரும், பிசின் கொறைஞ்சுரும். உண்மையில ஹெம்ப்பைக் கண்டு நடுங்கறவன் கஞ்சா வளக்கறவன்தான். பக்கத்துல ஹெம்ப் வேணாம்னு அவன்தான் மனு போடணும்.

போலீஸோட நிஜத் தலைவலி வேற எடத்துல. வயல்ல இல்ல, ரோட்டுல. அறுத்துக் காய வெச்சதுக்கப்பறம் சிபிடி ஹெம்ப் பூவும் கஞ்சாப் பூவும் பாத்தாலும் மோந்தாலும் ஒண்ணுதான், சோதனை கிட்டு கலர் மாறும், ஆனா எவ்ளோ இருக்குன்னு சொல்லாது. 2019 ஜனவரியில ஒரேகான்லேர்ந்து கொலராடோவுக்குப் போன லாரிய நடுவுல ஐடஹோல மடக்கி கிட்டத்தட்ட 6,700 பவுண்ட் ஹெம்ப்பைப் பிடிச்சு வெச்சாங்க. ஏத்தின எடத்துலயும் சரி எறக்கற எடத்துலயும் சரி சட்டப்படி சரக்கு, போற வழியில குத்தம்! லாரி ஓட்டினவரு உள்ள போனாரு. அந்த வருஷமே டெக்சஸ்ல சின்ன அளவு கஞ்சா கேஸ் நூத்துக்கணக்குல கைவிட்டாங்க, லேப்ல அளந்து சொல்ல வசதி இல்லன்னு.

நார்க்கயிறு:

ரொம்ப நாளா படிக்கறவன், எழுதறது கம்மி. நான் நார் பிரிக்கிற மெஷின் சர்வீஸ் பாக்கறவன், அதனால இந்த ஓட்டுல யாரும் கேக்காத ஒரு கேள்விய நான் கேக்கறேன். அனுமதி குடுத்தாச்சு, விதைச்சாச்சு, அறுத்தாச்சு. அப்பறம்?

ஹெம்ப் தண்டை எப்பவாச்சும் கையில எடுத்து உடைச்சுப் பாத்துருக்கீங்களா? பச்சையா இருக்கறப்ப உடையாது, முறுக்கிக்கிட்டு கெடக்கும். வயல்லயே படுக்கப் போட்டு பனியிலயும் வெயில்லயும் சில வாரம் விடணும், பூஞ்சையும் பாக்டீரியாவும் பசைய தின்னணும், நடுவுல ஒரு தடவை பொரட்டியும் போடணும். சாம்பல் கலர் வந்து கரும்புள்ளி விழுந்ததும் எடுத்து வளைச்சா உள்ள இருக்கற கட்டை சடசடன்னு நொறுங்கிக் கொட்டும், வெளிப்பட்டை மட்டும் தலைமுடி மாதிரி கையில நிக்கும். ரெண்டு நாள் முந்தி எடுத்தா நார் பிரியாது, ஒரு வாரம் விட்டா நாரே அழுகிரும். இதை எந்த லேப்பும் சொல்லாது, கைதான் சொல்லும். தண்டுல பட்டை நார் கால்வாசி, கொஞ்சம் கூட இருக்கலாம், மிச்சமெல்லாம் சக்கை, அதை சுண்ணாம்போட கலந்து சுவருக்கும் மாட்டுத் தொழுவத்துல பரப்பவும் எடுத்துக்குவாங்க.

கோதுமை அறுக்கற கம்பைன் மெஷினை எடுத்துக்கிட்டு ஹெம்ப் வயல்ல எறங்கினவங்க கதைய கேட்டுப் பாருங்க. நார் போய் ஷாஃப்ட்ல சுத்திக்கும், பேரிங்ல இறுக்கி சூடாகி நெருப்பே புடிக்கும். நான் ஒரு தடவை அப்படி சுத்தினதை அறுத்து எடுத்தேன், அரை நாள், மூணு பிளேடு போச்சு, கடைசியில உளி வெச்சு வெட்டினேன், பக்கத்துல நின்ன விவசாயி இதே நாரை வித்தா நல்ல விலை போகும்ல அப்படீன்னாரு, எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

பேல் கட்டினா எடை கம்மி, எடம் ஜாஸ்தி, தூரமா எடுத்துட்டுப் போனா லாரி வாடகையிலயே போயிரும். பக்கத்துல நார் பிரிக்கற ஆலை வேணும். ஆலை போடறவன் பயிர் வரட்டும் போடறேங்கறான், விவசாயி ஆலை வரட்டும் விதைக்கறேங்கறான். இதனாலதான் 2018-க்கு அப்பறம் அமெரிக்காவுல முக்காவாசிப் பேர் நாரை விட்டுட்டு சிபிடி பூவுக்கு ஓடினாங்க, அதுக்கு ஆலை வேணாம், காயப்போடக் கொட்டகை போதும்னு. எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினதுல 2019 அறுவடையோட விலை தரைக்கு வந்துருச்சு, வாங்க ஆளில்லாம மூட்டை மூட்டையா கொட்டகையிலயே கெடந்துச்சு. நேரடிக்கேள்வி சொன்ன மிட்டாய்க்கு சரக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனக்கறீங்க? இந்த மூட்டையிலேர்ந்துதான்.

திண்ணைவாசி:

அண்ணன்மாரே, இவ்ளோ வரும்னு நெனக்கல, ரொம்ப நன்றி. ஆனா இப்ப நான் எந்தப் பக்கம் பேசறதுன்னே தெரியல. மக்கள் ஓட்டு வேணும்னு நான் பேசணும், நீங்க எல்லாரும் சேந்து ஓட்டால ஒண்ணும் ஆகலேன்னு நிரூபிச்சுட்டீங்க 😅

கருப்புக்கோட்டு:

அப்படி இல்லப்பா. கொலராடோவை எடுத்துக்க, உன் பக்கத்துக்கு அதுதான் சரியான உதாரணம். 2012-ல அங்க திருத்தம் 64, சுமார் 55%ல ஜெயிச்சுது. எல்லாரும் அதை கஞ்சா ஓட்டுன்னுதான் ஞாபகம் வெச்சிருக்காங்க, ஆனா உள்ள ஹெம்ப்பும் இருந்துச்சு, 2014 ஜூலைக்குள்ள சட்டசபை ஹெம்ப்புக்கு சட்டம் போட்டே ஆகணும்னு கெடுவும் இருந்துச்சு. மக்கள் ஓட்டு அங்க வேலை செஞ்சுது, சும்மா ஆமா இல்லன்னு கேக்காம யாரு எப்பக்குள்ள என்ன செய்யணும்னு எழுதினதால.

ஆனா அதுலயும் ஒரு முள்ளு. 0.3-ங்கற நம்பரை அரசியல் சட்டத்துக்குள்ளயே எழுதி வெச்சுட்டாங்க. நாளைக்கு மத்திய அரசு நம்பரை மாத்தினா இவங்களால மாத்த முடியாது, மறுபடி மக்கள்கிட்ட போகணும். அதனால 2018-ல திருத்தம் எக்ஸ்னு இன்னொரு ஓட்டு வெச்சு, ஹெம்ப்போட வரையறைய அரசியல் சட்டத்துலேர்ந்து எடுத்து சாதாரணச் சட்டத்துக்கு மாத்தினாங்க, மக்களும் சரின்னு போட்டாங்க. அதனால விவாதத்துல ஓட்டு வேணும்னு பேசு, கூடவே நம்பரை ஓட்டுச்சீட்டுல எழுதாதேன்னும் பேசு. எதிர்க்கட்சி இதை எதிர்பாத்திருக்க மாட்டான்.

நேரடிக்கேள்வி:

நம்பர் இல்லாம ஓட்டா? அப்ப வெள்ளைச் சீட்டுல கையெழுத்து வாங்கற மாதிரி இல்ல? நாளைக்கு சட்டசபையில லாபி பண்ணி 5% ஆக்கினா? வேணும்னா மேல்வரம்பை மட்டும் மக்கள் முடிவு பண்ணட்டும், கீழ எவ்ளோ வேணா கொறைச்சுக்கங்க. இதுக்கு மேல நான் எறங்க மாட்டேன்.

கருப்புக்கோட்டு:

இது நல்ல யோசனைதான், ஒத்துக்கறேன்.

திண்ணைவாசி:

சரி, நீங்க சொன்னதை வெச்சு மூணாவது தடவையா போலை மாத்திப் போட்டேன். சணலும் இல்ல கஞ்சாவும் இல்ல, "ஹெம்ப்: நாருக்கும் விதைக்கும் வளக்கற கன்னாபிஸ் செடி, டிஎச்சி 1%க்கு மேல எப்பவும் போகக்கூடாது, அதுக்குள்ள அளவை சட்டசபை முடிவு பண்ணும், டெஸ்ட் செலவு யாருதுன்னும் சட்டசபை சொல்லணும்"னு. போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் ஒருத்தரும் ஓட்டே போடல. ஒருத்தர் மட்டும் கேள்வி கேட்டுருக்காரு, "1% சரி, எதுல 1%? வேர்லயா, தண்டுலயா, பூவுலயா?"ன்னு. இதுக்கு என்ன சொல்ல?

வரப்போரம்:

அவரை உங்க குரூப் தலைவராக்குங்க. அமெரிக்க விதிப்படி பூவுலதான். உச்சிக் கொழுந்துலேர்ந்து அஞ்சுலேர்ந்து எட்டு இஞ்ச், இலையும் பூவுமா கத்தரிச்சு எடுத்து, பையில போட்டு லேப்புக்கு அனுப்புவாங்க. டிஎச்சி ஜாஸ்தி இருக்கற எடம் அதுதான். அதுக்குக் கீழ பத்தடி தண்டு நிக்குதே, நார்க்கயிறு உடைச்சுக் காட்டினாரே, அதுல இருக்கறது ஒண்ணுமில்லேங்கற அளவுதான். ஆனா மேல எட்டு இஞ்ச் ஃபெயிலுன்னா கீழ பத்தடிக்கும் சேத்துதான் ஃபெயிலு.